குப்புராஜ் கேளாத ஒன்பது பாடல்கள்

2004ஆம் ஆண்டு, ஐப்பசி மாதத்து அடைமழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் குப்புராஜை முதன்முதலாகப் பார்த்தேன். நான் பணிபுரிந்த மகளிர் கல்லூரியின் நூலகத்துக்குக் கணினி வந்துவிட்டதென்று, பழைய அட்டவணை அட்டைகளை இழுப்பறைகளோடு காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள். பெரும்பாலானவை நான் கைப்பட எழுதிய அட்டைகள். விடுப்பிலிருந்த எனக்குச் செய்தி எட்டியபோது வண்டி போய்விட்டிருந்தது. விசாரித்துக்கொண்டு, இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு பிளாஸ்டிக் கிடங்குக்கு ஆட்டோவில் போனேன்.

அங்கே, முழங்கால்வரை கால்சட்டையை மடித்துவிட்டிருந்த ஒருவர் என் இழுப்பறைகளைத் தண்ணீர் ஏறாத மேட்டில் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்.

"யாரோ உக்காந்து எழுதுன மாறி கீது. எழுத்தப் பாத்தா மிஷின்ல போட மனசு வர்லம்மா" என்றார்.

நான் பணப்பையைத் திறந்தேன். அவர் கையை ஆட்டித் தடுத்துவிட்டு உள்ளே போய், மூன்று குறுந்தகடுகளைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினார்.

"துட்டுலாம் வேணாம். உங்களுக்கு இங்கிலீஸ் தெரிமில்ல? இது மூணும் ஒரே பார்ட்டியா, வேற வேற ஆளான்னு சொல்லிட்டுப் போங்க. போதும்."

மூன்றிலும் 'சால்ட் லேடர்' என்ற பெயர் இருந்தது. அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு ராக் இசைக்குழு. நான்கு இளைஞர்கள் ஒரு வேலியின் மேல் உட்கார்ந்திருக்கும் படம். ஒரே ஆட்கள்தாம் என்றேன். உப்பு ஏணி என்று அந்தப் பெயருக்குப் பொருளும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துபோயிற்று.

"நான் சொல்லல? குரல வெச்சே கண்டுபுட்ச்சேன். எம்பொண்ணுதான் நம்பல."

அன்று முதல் அவருக்கு அவர்கள் 'உப்பேணிக்காரங்க' ஆனார்கள்.

அந்தக் கிடங்குக்கு அமெரிக்காவிலிருந்து கழிவு பிளாஸ்டிக் வந்துகொண்டிருந்தது. அதில் விற்காமல் தேங்கிய இசைத் தகடுகளும் இருந்தன. மறுபடியும் எவரும் விற்றுவிடக் கூடாதென்று, பெட்டியோடு சேர்த்து விளிம்பில் ஓர் அரம்பவெட்டு வெட்டித்தான் அவற்றைக் கப்பலில் ஏற்றுவார்களாம். பெட்டியை உடைத்து, தாளை உருவிப் போட்டு, தகட்டைத் தனியே பிரித்து அரவைக்கு அனுப்புவது குப்புராஜின் வேலை. கீழ்ப்பாலத்தருகே ஒருவர் பழுதுபார்த்துக் கொடுத்த பழைய பிளேயர் அவரிடம் இருந்தது. வெட்டுப்பட்ட தகடும் அதில் ஓடும். இந்தத் தகடுகளில் பாட்டு உள்வட்டத்தில் தொடங்கி வெளிவிளிம்பை நோக்கிப் போகிறது. ஆகவே முதல் பாட்டுகளுக்குப் பழுதில்லை. வெட்டு எட்டிய இடத்தில் கருவி திக்கும், நின்றுவிடும். சில தகடுகளில் ஒரு பாட்டு போயிற்று, சிலவற்றில் மூன்று. கடைசிப் பாட்டு மட்டும் எதிலும் பிழைத்ததில்லை.

அதைப் பற்றி அப்போது குப்புராஜுக்கோ எட்டு வயதான அவருடைய மகள் சினேகாவுக்கோ வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. பெருங்களத்தூரில் ஓர் அறையும் சமையலறையுமான அவர்கள் வீட்டுக்குப் பின்னர் நான் பலமுறை போயிருக்கிறேன். கருவி திக்கத் தொடங்கியதும் குப்புராஜ் ஒரு தட்டைக் கவிழ்த்துத் தாளம் போட்டு, அந்த அமெரிக்கப் பாட்டை அறுந்த இடத்திலிருந்து கானாவாகப் பாடி முடித்துவைப்பார். சுற்றுவட்டாரத்தில் எவர் வீட்டில் சாவு விழுந்தாலும் பாட அழைக்கப்படுகிற குரல் அது. சினேகா உருண்டு உருண்டு சிரிப்பாள்.

அவருடைய மனைவி கனகவல்லி மட்டும் அலுத்துக்கொள்வார். "ஊர்ல பொணத்துக்குப் பாடுறது போதாதுன்னு, செத்துப்போன பாட்டுக்கும் பாடிக்கினு கீறாரு பாருங்கம்மா."

உப்பேணிக்காரர்களின் தகடு எப்போது கண்ணில் பட்டாலும் குப்புராஜ் அதை எடுத்து வைத்துக்கொண்டார். நூலகத்துக்கு வந்து அதைக் காட்டுவார். நான் ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதினேன். வேறெதுவும் எனக்குச் செய்யத் தெரியாது. தகட்டின் பெயர், வெளிவந்த ஆண்டு, பாடல்களின் வரிசை, ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே தமிழில் பொருள். முதல் அட்டையின் அடியில், நூலக வழக்கப்படி, 'குறைப்படி: இறுதிப் பாடல் ஒலிக்கவில்லை' என்று குறித்தேன். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த அவர் அந்த வரியில் நின்றுவிட்டார்.

"குறைன்னா இன்னாம்மா? ஊனமா?"

"இந்தப் பிரதியில் ஒரு பகுதி இல்லை என்று பொருள்."

"வெட்டுனவன் எவனோ. பாட்டு இன்னா தப்பு பண்ணிச்சு? அத்த அடிச்சிடுங்க."

உள்ளதை உள்ளபடி எழுதுவதுதான் அட்டவணை, அடிக்க முடியாது என்றேன். அவர் அட்டையை வாங்கிக்கொண்டு முகம் கொடுக்காமல் போனார். அடுத்த சனிக்கிழமை சினேகா தனியாக வந்து நின்றாள்.

"மாமி, அப்பா சொல்லச் சொன்னாரு. குறைன்னு வேணாமாம். 'வரவேண்டியது'ன்னு எழுதித் தருவீங்களாம்."

யோசித்துப் பார்த்தேன். அதிலும் பொய் ஒன்றும் இல்லை. 'இறுதிப் பாடல்: வரவேண்டியது' என்று வேறோர் அட்டை எழுதிக் கொடுத்தேன்.

ஒரே தகடு மறுபடி கிடைத்தால் வெட்டு குறைந்த பிரதியை வைத்துக்கொண்டார்; ஐந்து ஆண்டுகளில், கடைசிப் பாட்டு மட்டும் இல்லாத எட்டுத் தகடுகள் சேர்ந்தன. 2009ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒன்பதாவது கிடைத்தது. கல்லூரிக் கணினியில் தேடிப் பார்த்தேன். சால்ட் லேடர் வெளியிட்டவை மொத்தமே ஒன்பது தகடுகள். குழு கலைந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இதை அவர்கள் வீட்டில் போய்ச் சொன்னபோது குப்புராஜ் தகடுகளை எடுத்து ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு, "அப்போ எல்லாமே நம்மகிட்ட கீது, கடசி ஒம்போதத் தவுத்து" என்றார்.

சினேகாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. அவள்தான் அந்த விதியைச் செய்தாள்.

"அப்பா, ஒம்போதும் வெட்டாததா வாங்கணும். நான் வேலைக்குப் போயி வாங்குறேன். எல்லாம் வந்தப்புறம் நீயும் நானும் ஒண்ணா கேக்கணும். அதுக்கு முன்னாடி யாரும் தனியா கேக்கக் கூடாது. நெட்ல வந்தாகூட."

"நெட்டுன்னா இன்னா?"

"அத விடுப்பா. சத்தியம் பண்ணு."

அவர் அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தார். மகள் தன்னோடு சேர்ந்து ஒன்றைக் கேட்பதற்காக எதிர்காலத்தில் ஒரு நாளை ஒதுக்கிவைக்கிறாள் என்பது அவருக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. கிடங்கில் எல்லாரிடமும் சொல்லி வைத்தார்.

சினேகா அந்தச் சொல்லைக் காத்தாள். செலையூரில் ஒரு கல்லூரியில் அவள் படித்த மூன்றாண்டுகளிலும் தோழிகளின் கைபேசிகளில் அந்தப் பாடல்கள் எல்லாம் முழுமையாக இருந்தன. காதொலிப்பானை நீட்டினால் விலகிப்போய்விடுவாள். "இவ என்னடி, காதுக்கு விரதம் இருக்கா" என்று கேலி செய்வார்களாம். சிரித்துக்கொண்டே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

தகடுகள் வருவது நின்றபின் குப்புராஜை அரவை இயந்திரத்துக்கு மாற்றினார்கள். கூரைத் தகரமே அதிரும் இரைச்சல் அது. அவர் காதில் பஞ்சுகூட வைத்துக்கொண்டதில்லை.

2016ஆம் ஆண்டு பங்குனியில் ஒருநாள் மேற்குத் தாம்பரம் சந்தையில் அவரைப் பார்த்துப் பின்னாலிருந்து அழைத்தேன். திரும்பவில்லை. மூன்றுமுறை அழைத்தேன். தோளைத் தொட்டபோதுதான் திடுக்கிட்டுத் திரும்பினார். பேசும்போது என் கண்களைப் பாராமல் உதடுகளைப் பார்த்தார். வழக்கமாகவே உரக்கப் பேசுகிறவர் என்பதால் வீட்டில் எவருக்கும் ஐயம் எழவில்லை. எனக்கு எழுந்தது, கேட்டேன்.

அவர் சாலையோரம் ஒதுங்கி நின்றுகொண்டு, மறைக்காமல் சொன்னார். "இடது சுத்தமா இல்ல. வலதுல கொஞ்சம் கீதும்மா. கிட்ட வந்து பேசுனா புரியிது."

"சினேகாவிடம் சொன்னீர்களா?"

"ஐயோ, சொல்லாதீங்க. உங்களக் கையெடுத்துக் கும்புடுறேன். அது வேலைக்குப் போவப் போவுது. மொத சம்பளத்துல மொத சீடின்னு சொல்லிக்கினு கீது. இப்பப் போயி காது அவுட்டுன்னு சொன்னா ஒடஞ்சி பூடும். அது வர்ற வரிக்கும் இந்தக் காது தாங்கும்."

மருத்துவரிடம் வாருங்கள், நானே அழைத்துப் போகிறேன் என்றேன். சிரித்தார். "டாக்டராண்ட போனா மிஷின வுடுன்னுவாரு. வுட்டா சோறு யாரு போடுவா?"

நான் சொல்லாமல் இருந்துவிட்டேன். ஒருவர் நம்பிச் சொன்னதை மற்றவரிடம் சொல்வது முறையன்று என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் செய்த தவறுகளுள் இதைவிடப் பெரியது வேறு இல்லை.

மறு ஆண்டு சினேகாவுக்குச் சிறுசேரியில் வேலை கிடைத்தது. தகடுகளைத் தேடத் தொடங்கினாள். கலைந்துபோன குழுவின் பழைய வெளியீடுகள் கடைகளில் இல்லை. அமெரிக்காவில் எவரெவரோ வீட்டில் பிரிக்காமல் வைத்திருந்தவற்றை இணையத்தில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அலுவலகத் தோழி ஜெரூஷா வேலை நிமித்தமாக அங்கே போய்வரும்போதெல்லாம் ஒன்றிரண்டு கொண்டுவந்தாள். ஒவ்வொன்று வரும்போதும் சினேகா அதை என் வீட்டுக்கு எடுத்துவந்து காட்டுவாள். வெட்டில்லாத பெட்டி விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பாள். உறையைப் பிரிக்கமாட்டாள். "ஒம்போதும் வரட்டும் மாமி."

ஒவ்வொரு முறையும் என் நாக்கின் நுனிவரை வந்தது. ஆறு வந்தது, ஏழு வந்தது. ஏழுக்கும் எட்டுக்கும் இடையே பத்து மாதங்கள் போயின. அந்தப் பத்து மாதங்களும் குப்புராஜ் அரவை இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

2019ஆம் ஆண்டு தைப் பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. முந்தைய வாரம்தான் ஒன்பதாவது வந்திருந்தது. காலை பத்து மணிக்கு என்னை வரச் சொன்னார்கள். கனகவல்லி கேசரி கிண்டியிருந்தார். சினேகா புதிதாக ஒரு பிளேயரும் ஒலிபெருக்கியும் வாங்கி மரப்பெஞ்சின் மேல் வைத்திருந்தாள். குப்புராஜ் வெளுத்த வேட்டி கட்டி, கல்யாணத்துக்குப் புறப்பட்டவரைப் போல உட்கார்ந்திருந்தார். கையைப் பெஞ்சின் மேல் ஊன்றியிருந்தார்.

"எதும்மா மொதல்ல?"

"நீயே எடுப்பா."

அவர் நடுவிலிருந்து ஒன்றை உருவினார். சினேகா நகத்தால் உறையைக் கிழித்தாள். முதல் பாட்டிலிருந்தே போட்டாள். அவருக்கு மனப்பாடமான பாடல்கள். பெஞ்சின் அதிர்வு கையில் ஏறியிருக்க வேண்டும். ஒரு தட்டும் பிசகாமல் தொடையில் தாளம் போட்டார். எனக்கு ஆறுதலாக இருந்தது. இந்தக் காது தாங்கிவிட்டது என்றுகூட நினைத்தேன்.

பத்தாவது பாட்டு முடிந்தது. இதுவரை அந்த வீட்டில் ஒலிக்காத பதினொன்றாவது பாட்டு தொடங்கியது. முரசில்லை, கித்தாரின் இரைச்சல் இல்லை. மெல்லிய ஒரு குரல், அதன் அடியில் எப்போதாவது ஒரு பியானோ ஒலி. எனக்கு அந்த வகை இசையில் பழக்கமில்லை. ஆனாலும் கண் கலங்கிவிட்டது. சினேகா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் அவளைப் பார்த்துப் புன்னகை செய்தார். பிறகு கண்களை மூடிக்கொண்டு மெதுவாகத் தலையை ஆட்டத் தொடங்கினார்.

பாட்டு முடிந்தது. தகடு சுழன்று நின்றது. தெருவில் ஒரு தண்ணீர் வண்டி போன ஓசை கேட்டது. குப்புராஜ் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"யோவ், முடிஞ்சிருச்சி" என்றார் கனகவல்லி.

அவர் ஆட்டிக்கொண்டிருந்தார். சினேகா அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் அவரே கண்களைத் திறந்து, மகளைப் பார்த்து, கட்டைவிரலை உயர்த்தினார்.

"சூப்பரா கீதும்மா! எம்மா நேரம் போவுது பாரு, இன்னும் முடிய மாட்டேங்குது."

சினேகா எழுந்து சமையலறைக்குள் போனாள். நான் பின்னால் போனேன். அவள் குழாயைத் திறந்துவிட்டு அதன் முன்னால் நின்றிருந்தாள்.

"மாமி, உங்களுக்குத் தெரியுமா?"

ஆம் என்று தலையசைத்தேன்.

"எப்பத்துலேர்ந்து?"

"மூன்று ஆண்டுகளாக. சொல்லக் கூடாதென்று அவர்தான்..."

"மூணு வருஷமா? அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா அன்னிக்கே போன்ல போட்டு அவரு காதுல வெச்சிருப்பேனே மாமி. ரெண்டு நிமிஷ வேலை. கேட்டிருப்பாரே. சத்தியமாவது மண்ணாவது. நான் சின்னப் புள்ள, ஏதோ சொன்னேன். நீங்க பெரியவங்கதானே?"

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குத் தாங்குவது எளிதாக இருந்திருக்கும்.

குரோம்பேட்டையில் ஒரு காது மருத்துவரைப் பார்த்தார்கள். நரம்பு போய்விட்டது என்றார். கருவி ஒன்று பொருத்தினார்கள். எதிரில் நின்று பேசும் பேச்சு ஓரளவு புரிந்தது. பாட்டு போட்டால், புயலில் தகரக்கூரை அடித்துக்கொள்வதுபோல இருக்கிறது என்றார் குப்புராஜ். ஒரே வாரத்தில் கழற்றி வைத்துவிட்டார். பிறகு எல்லாவற்றையும் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. மகளுடைய பிடிவாதத்தால் கிடங்கு வேலையையும் விட்டார்.

சினேகா மீதி எட்டுத் தகடுகளையும் பிரிக்காமலேயே ஒரு பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டாள். அதன்பிறகுதான் அப்பாவுக்கும் மகளுக்கும் அந்த வழக்கு தொடங்கியது. அந்த எட்டு இறுதிப் பாட்டுகளும் தன் கைபேசியிலேயே இருப்பதாக அவளே அவரிடம் எழுதிக் காட்டியிருந்தாள். அவர் அவளைக் கேட்கச் சொல்வார், அவள் மறுப்பாள். ஒருமுறை என் எதிரிலேயே நடந்தது. 'உனக்குக் கேக்காதத நான் மட்டும் எப்டிப்பா கேப்பேன்' என்று அவள் கைபேசியில் எழுதிக் காட்டினாள்.

அவர் படித்துவிட்டுச் சிரித்தார். "எங்காது பூட்ச்சி. உங்காது இன்னா பண்ணுச்சு? அத்த ஏன் பட்னி போடுற?"

அவள் கைபேசியை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அவர் அதை நகைச்சுவையாகச் சொன்னாலும் அவருக்குள் அது அரித்துக்கொண்டே இருந்தது. தாம் மறைத்ததால் மகள் தன் காதையும் அடைத்துக்கொண்டாள் என்றே அவர் எண்ணினார். "நானே கெட்த்தேன்மா" என்று என்னிடம் இரண்டு மூன்று முறை சொல்லியிருக்கிறார். இல்லை, நான்தான் கெடுத்தேன் என்று ஒருமுறை எழுதிக் காட்டினேன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நீங்க சொன்ன சொல்லக் காப்பாத்துனீங்க. வுடுங்க" என்றார். அவர் மன்னித்துவிட்டார். சினேகா என்னோடு முன்போலவே பேசுகிறாள், மருந்து வாங்கித் தருகிறாள், தீபாவளிக்குப் புடவை எடுத்துத் தருகிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் இருவரும் பேசுவதில்லை.

பிளாஸ்டிக் தூசு பல ஆண்டுகளாக நுரையீரலில் படிந்திருந்தது. 2024ஆம் ஆண்டு கார்த்திகையில் மூச்சுவிட முடியாமல் போய், தாம்பரம் சானடோரியத்தில் உள்ள மருத்துவமனையில் சேர்த்தார்கள். பன்னிரண்டு நாள்கள் இருந்தார். மார்கழி இரண்டாம் நாள் காலை ஐம்பத்து நான்காம் வயதில் காலமானார். அவர் யார் யாருக்கெல்லாம் பாடினாரோ, அந்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் பெருங்களத்தூர்த் தெருவில் வந்து நின்றார்கள். பாடுவதற்குத்தான் ஆளில்லை.

எட்டுத் தகடுகளும் உறை பிரியாமல் பரணில் இருக்கின்றன. இதை எழுதிக்கொண்டிருக்கும் நாள்வரை சினேகா அவற்றைத் தொடவில்லை.

இறப்பதற்கு முந்தைய மாலை நான் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். பார்வையாளர் நேரம் முடியப்போகிறது என்று செவிலியர் இரண்டாம் முறை சொல்லிவிட்டுப் போனார். சினேகா கட்டிலின் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, ஒலியில்லாமல் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குப்புராஜ் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டார். இவ்வளவு மூச்சு வாங்கும்போது வேண்டாமே என்று எண்ணியோ என்னவோ, அவள் 'நாளைக்குப்பா' என்று எழுதிக் காட்டினாள். அவர் அவள் மணிக்கட்டை விட்டுவிட்டார். மூக்கின் மேலிருந்த பிராணவாயு முகமூடியைத் தாமே விலக்கிவிட்டு அவர் கேட்டது இதுதான்:

"அந்த எட்டும் போன்ல கீதுன்னியே. இப்ப போட்டு நீ கேளும்மா. நான் உம்மூஞ்சியப் பாத்துகினு கீறேன்."